கல்முனையில் நீ இருந்த நாற்பத்திரண்டு நாட்கள்

கீழ்க்கணக்கு லயம்,
ஓப்பநாயக்க.
2007 ஜூலை 12, வியாழன்

அன்பு மகள் விஜயகலாவுக்கு அம்மா சொல்ல, தங்கச்சி தர்மிளா எழுதுவது. அப்பாவும் நானும் தங்கச்சியும் இந்த அடைமழையிலும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அப்பாவின் இருமல் மட்டும் ஸ்டோரில் தேயிலைத் தூசி இருக்கிறவரை போகப்போவதில்லை, அதை விட்டால் குறை ஒன்றும் இல்லை. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்குகிறது. எனக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் உன் கையெழுத்துத் தெரியும்.

நீ கொடுத்தனுப்பிய கடிதத்தை டவுனில் கம்யூனிகேஷன் கடை வைத்திருக்கிற ரஸாக் நானாவின் மகள் நபீலா ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தந்தாள். திங்கட்கிழமை அவள் வகுப்புக்குத் திரும்பக் கொழும்பு வரும்போது இதையும் அவள் கையில்தான் கொடுக்கப்போகிறேன். தபாலில் போட மனம் வரவில்லை, தோட்டத்துக் கடிதமெல்லாம் ஆபிசில் ஒரு பைக்குள் கிடந்துதான் போகிறது வருகிறது, யார் எடுத்துப் பார்ப்பார்கள் என்று யாருக்குத் தெரியும். போனிலும் பேச முடியாது, நானாவின் கடையில் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று நான் தமிழில் வாயைத் திறந்தால் வெளியே நிற்கிற அத்தனை பேரும் என் வாயையே பார்க்கிறார்கள். போன மாதம் கொழும்பு லொட்ஜுகளில் இருந்த நம் ஆட்களைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள் என்று ரேடியோவில் சொன்னதைக் கேட்ட அன்று கூடையை முதுகில் மாட்டியபடியே படியில் உட்கார்ந்துவிட்டேன். நீ இருப்பது லொட்ஜ் இல்லை, ஒரு குடும்பத்து வீட்டு அறை என்று அப்பா ஆயிரம் தடவை சொல்லிவிட்டார், கதவைத் தட்டுகிறவனுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா என்பதுதான் என் கவலை. ஐடென்டி காட்டைக் குளிக்கப் போகும்போதுகூட வைத்துவிட்டுப் போகாதே.

இங்கேயும் செவ்வாய்க்கிழமை பொலிஸ் வந்தது. நான் மலையில், அப்பா ஸ்டோரில், வீட்டில் தங்கச்சி மட்டும்தான். கிராம சேவகரோடு ஒரு சார்ஜனும் இன்னொருவரும் வந்து, நீ தங்கியிருக்கும் வீட்டு அம்மா உன்னைப் பற்றிப் பொலிசில் பதிந்த விபரம் சரிதானா என்று பார்த்தார்களாம். பெயர் கேட்டார்கள், ஐடென்டி நம்பர் கேட்டார்கள், போய்விட்டார்கள் என்று தங்கச்சி சொல்கிறாள். சீட்டுக்காரி வந்தாலே கதவுக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளை, எப்படித்தான் நின்று பதில் சொன்னாளோ. அன்றிலிருந்து ஜீப் சத்தம் கேட்டால் என் கை கொழுந்தை விட்டுவிடுகிறது. ஒன்றும் இல்லாததற்கு வருவார்களா என்று மேல்வீட்டுச் சின்னம்மா வேறு கேட்டுவிட்டுப் போனாள்.

இனி நீ கேட்ட விஷயம். அந்தச் சட்டக் கம்பனிக்குப் பயோடேட்டா அனுப்ப வேண்டும், உன் பக்கம் பாதி வெறுமையாகக் கிடக்கிறது, மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் அப்பா லோயர், மாமா நீதவான், வாதப் போட்டியில் வாங்கிய மெடல் என்று இருக்கிறது, உனக்கு ஆறு மாதம் லோயர் பத்மாசனி அம்மாவிடம் வேலை பழகியது மட்டும்தான், சட்டத்தோடு சம்பந்தமில்லாத தொண்டு வேலைகளை எழுதலாமா என்று கேட்டிருக்கிறாய். பத்மாசனி அம்மா “இஞ்ச பார் பிள்ளை, பருப்புக் காய்ச்சினதும் கூடாரம் அடிச்சதும் லோ கம்பனிக்கு என்னத்துக்கு?” என்று சொன்னதாகவும் எழுதியிருந்தாய், தங்கச்சி அதை அவர் மாதிரியே வாசித்துக் காட்ட அப்பாவுக்குச் சிரித்து இருமல் வந்துவிட்டது. படித்த மனுஷி சொன்னதை நான் மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கம்பனியில் முதலில் கொடுக்கப்போகிற வேலை, வழக்குக்கு வருகிறவர்களோடு உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதுவது என்று நீதானே எழுதியிருக்கிறாய். வெள்ளம் வந்த வருஷம் ரத்தினபுரிப் பள்ளிக்கூடத்தில் நீ செய்தது வேறென்ன. யார் யாருக்கு ஐடென்டி போனது, யாருக்குப் பிறப்புப் பத்திரம் போனது என்று கொப்பி கொப்பியாக எழுதினாய். சுனாமி முடிந்து கல்முனைக்குப் போய் நாற்பத்திரண்டு நாள் தங்கி, காணாமல் போனவர்கள் பெயரை எழுதினாய். கைருன்னிஸா என்கிற பெண்ணின் புருஷனைச் செத்தவர் பட்டியலில் தவறாக எழுதிவிட்டு, அவர் ஆஸ்பத்திரியில் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்ததும், பட்டியல் அரசாங்கக் கச்சேரிக்குப் போவதற்குள் திருத்த வேண்டும் என்று உச்சி வெயிலில் அது இருந்த அடுத்த முகாமுக்கு நடந்தே போனாயே, வந்து எத்தனை தடவை சொல்லி அழுதாய். அதையெல்லாம் எழுதாமல் வேறு எதை எழுதப்போகிறாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கிழக்கில் இருக்கிற கல்முனை என்ற பேரைக் காகிதத்தில் பார்த்து யாராவது வேறு மாதிரி நினைப்பார்களோ என்று பயமாகவும் இருக்கிறது. வேலைக்கு எடுக்க முன் பொலிஸ் ரிப்போட் கேட்பார்கள் என்று வேறு எழுதியிருக்கிறாய். எனக்கு ஒரு முடிவு சொல்லத் தெரியவில்லை மகள். மழை விட்டுவிட்டது, கங்காணி கூப்பிடுகிறார், மிச்சத்தைப் பின்னேரம் சொல்கிறேன்.

அக்கா, இனி வருவது அம்மா சொன்னதல்ல. அம்மா மலைக்குப் போய்விட்டார், நான் தர்மிளா எழுதுகிறேன். மூன்று நாளாக இதை யாரிடமும் சொல்லவில்லை. அம்மா “எப்படித்தான் பதில் சொன்னாளோ” என்று சொல்லி நான் அதை என் கையாலேயே எழுதியபோது பேனை நழுவிவிட்டது, மேலே மை பட்டிருப்பது அதனால்தான்.

செவ்வாய்க்கிழமை பத்து மணியிருக்கும். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். வாசலில் சப்பாத்துக் காலைப் பார்த்ததும் ஒளிவதற்குக் கதவுக்குப் பின்னால் போக நினைத்தேன், ஆனால் அவர்கள் வாசலிலேயே நின்றதால் முடியவில்லை. சார்ஜன் கோபமாகப் பேசவில்லை. “பயவெண்ட எப்பா நங்கி” என்று, பயப்படாதே தங்கச்சி என்றுதான் சொன்னார். அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்கு அதிகமாகப் பயம் வந்தது. உங்கள் பெயர், வயது, படித்த பள்ளிக்கூடம் எல்லாம் கேட்டார், சரியாகத்தான் சொன்னேன். பிறகு, அக்கா எப்போதாவது வடக்கிலோ கிழக்கிலோ தங்கி இருந்திருக்கிறாளா என்று கேட்டார். சாமிப் படத்துக்குப் பக்கத்தில் நீங்கள் கல்முனையில் எடுத்த படம் தொங்குகிறதே, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஆறு பேரோடு கொப்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்களே, அது எனக்குப் பின்னால் இருந்தது. நான் அதை மறைத்துக்கொண்டு நின்று “கவதாவத் நே சேர்” என்றேன். ஒருபோதும் இல்லை என்றேன். பள்ளிக்கூடம், வீடு, கொழும்பு, வேறெங்கும் போனதில்லை என்றும் சொன்னேன். கேட்காததையும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். அவர்கள் போனதும் படத்தைக் கழற்றி மாவு டின்னுக்குள் வைத்தேன். அம்மா கேட்டபோது கண்ணாடி உடைந்துவிட்டது என்றேன், அது இரண்டாவது பொய்.

அக்கா, எனக்குச் சிங்களம் சொல்லித் தந்தது நீங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைக் காம்பராவில், தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டு எங்களை உட்கார வைத்து நீங்கள் நடத்திய வகுப்பையும் பயோடேட்டாவில் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஒன்பதாம் வகுப்போடு நின்ற எனக்கு இன்றைக்கும் மிஞ்சியிருப்பது அந்த வகுப்பில் படித்ததுதான். அந்தச் சிங்களத்தில்தான் நான் பொய் சொன்னேன்.

உங்கள் கடிதத்தில் பொலிஸ் ரிப்போட் என்று எழுதியிருந்ததைத் திரும்ப வாசித்தபோதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று விளங்கியது. நீங்கள் கல்முனையில் நாற்பத்திரண்டு நாள் இருந்ததாக எழுதுவீர்கள், பொலிஸ் எழுதிவைத்த கோவையில் உங்கள் சொந்தத் தங்கச்சி அங்கே போனதே இல்லை என்று கையெழுத்து வைத்திருப்பாள். ஒளிக்க ஒன்றுமில்லாவிட்டால் ஏன் ஒளித்தாள் என்று கேட்பார்கள், உங்களைத்தான் கூட்டிப்போய்க் கேட்பார்கள், என்னை இல்லை. அதனால் அக்கா, தயவுசெய்து கல்முனையை எழுதாதீர்கள். பத்மாசனி அம்மாவும் வேண்டாம் என்றுதானே சொல்கிறார். பாதிப் பக்கம் வெறுமையாக இருந்தால் இருக்கட்டும், வேலை கிடைக்காவிட்டாலும் நீங்கள் வீட்டுக்கு வந்துவிடலாம். இந்தப் பக்கத்தை வாசித்ததும் கிழித்துவிடுங்கள். அம்மாவுக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டும்போது இதை விட்டுவிட்டு வாசிப்பேன்.

2007 ஜூலை 14, சனி

அக்கா, இதையும் நான்தான் எழுதுகிறேன். வியாழக்கிழமை பின்னேரம் அம்மா வந்து காலில் இருந்த அட்டையைத் தட்டிவிட்டு, வழக்கம்போல அடுப்படியில் உட்கார்ந்து, எழுதியதை வாசி என்றார். எப்போதும் அப்படித்தான், தான் சொன்னதைத் திரும்பக் கேட்காமல் அம்மா கடிதத்தை ஒட்ட விடமாட்டார். கங்காணி கூப்பிடுகிறார் என்ற இடம்வரை வாசித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அம்மா “அவ்வளவுதானா? பக்கம் இன்னும் இருக்கே, கறுப்பாத் தெரியுதே” என்றார். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, நான் கோழி, ஆடு, மழை என்று எதையாவது வாசித்திருந்தாலும் நம்பியிருப்பார். வாயைத் திறந்தேன், “அக்கா, இனி வருவது அம்மா சொன்னதல்ல” என்றுதான் வந்தது. பிறகு நிறுத்த முடியவில்லை. கிழித்துவிடுங்கள் என்ற இடம்வரை வாசித்தேன்.

அம்மா அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. எழுந்துபோய் மாவு டின்னைத் திறந்து படத்தை எடுத்து, முந்தானையால் மாவைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதுதான் எனக்கு அடியைவிடப் பயமாக இருந்தது. அப்பா வந்ததும் திரும்ப வாசிக்கச் சொன்னார். அப்பா கேட்டுவிட்டு “விடு புள்ள, கலா அத எழுதாம விட்டாப் போச்சு. எதுக்கு நாமளே தேடிப் போயி வாயக் குடுக்கணும்?” என்றார். அம்மா “இன்னிக்கி எழுதாம விட்டுறலாங்க. நாளைக்கி எவனாச்சும் நேருக்கு நேரா கேட்டா அவ இல்லன்னு சொல்லணுமே. சட்டம் படிச்ச புள்ள வாயில நாம பொய்ய வக்கிறதா?” என்றார். அப்பா, பொலிசுக்குப் போய் நாங்கள் பொய் சொன்னோம் என்று சொல்கிற பைத்தியம் இந்த லயத்திலேயே நீதான் என்றார். “நாம இல்லங்க, இவ சொன்னா. இவளே போயி மாத்திச் சொல்லட்டும், நான் கூடப் போறேன்” என்றார் அம்மா. பிறகு என்னைப் பார்த்து, “ஒங்க அக்கா கல்முனையில ஒரு பேர மாத்தி எழுதிட்டு வெயில்ல நடந்து போனாளே, அவளுக்கு மட்டும் கால் வலிக்கலியா?” என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்று காலை அம்மா வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகவில்லை. திருவிழாச் சேலையைக் கட்டிக்கொண்டு படத்தைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டார். பொலிஸ் நிலையத்து பெஞ்சில் ஒன்பது மணிக்கு உட்கார்ந்தோம், சார்ஜன் வரும்போது பன்னிரண்டு. அவருக்கு என்னை ஞாபகம் இருந்தது. அம்மா என் தோளில் கையை வைத்து முன்னால் தள்ளி, “நீ சொல்லு. பொய் ஒன் வாயிலதான வந்துச்சு, நெசமும் அதே வாயில வரட்டும்” என்றார். சார்ஜன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, அன்றைக்கு ஐந்து நிமிடத்தில் எல்லாம் சொன்னாய், இன்றைக்கு வாயைத் திறக்கவே பத்து நிமிடமா என்றார். சொன்னேன். அக்கா கிழக்குக்குப் போனாள் சேர், சுனாமி முகாமில் பெயர் எழுதினாள், நான் இல்லை என்று சொன்னது பொய் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். பயத்தில் என்றேன். யாரைப் பார்த்துப் பயம் என்று கேட்டார். நான் அவருடைய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா தனக்குத் தெரிந்த சிங்களத்தில், “மே லமயா கடேட்ட யன்னத் பயய் சேர்” என்றார், இந்தப் பிள்ளைக்குக் கடைக்குப் போகவும் பயம் என்று. பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். சார்ஜன் சிரிக்கவில்லை.

கோவையை எடுத்துவரச் சொன்னார். படத்தைப் பார்த்தார், இதில் எது அக்கா, மற்றவர்கள் யார் என்று கேட்டார், எனக்குப் பெயர் தெரியாது என்றேன், அது உண்மைதான். படத்தின் போட்டோகொப்பி ஒன்று வேண்டும் என்றார், நான் தனியாக ரஸாக் நானாவின் கடைக்கு ஓடிப்போய் எடுத்துவந்தேன். நானாவின் மெஷின் பழையது, கொப்பியில் எல்லாருடைய முகமும் மை கொட்டியதுபோலக் கறுத்துவிட்டது, உங்கள் கொப்பி மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. சார்ஜன் உதட்டைப் பிதுக்கிவிட்டு அதையே கோவையில் குத்தினார். உங்களோடு நிற்கும் ஆறு பேரை நினைத்து எனக்கு அதில் கொஞ்சம் நிம்மதி, ஆனாலும் அவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

புதிதாக எழுதியதை அவர் வாசித்துக் காட்டினார். அதில் நான்கு மாதம் தங்கியிருந்தாள் என்று இருந்தது. நான் அப்படிச் சொல்லவே இல்லை. கையெழுத்துப் போடப் பேனையைத் தந்துவிட்டார், அம்மாவுக்கு அவர் வாசித்த வேகத்தில் சிங்களம் விளங்கவில்லை, சும்மா போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் அது இன்னொரு பொய்யாகிவிடும் அக்கா. “சேர், நான்கு மாதம் இல்லை, நாற்பத்திரண்டு நாள்” என்றேன். அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். இவ்வளவு நேரமும் பார்க்காததுபோலப் பார்த்தார். பிறகு அந்த வரியை வெட்டி, மேலே திருத்தி எழுதி, வெட்டிய இடத்துக்குப் பக்கத்திலும் ஒரு கையெழுத்துப் போடச் சொன்னார். இதன் கொப்பி கொழும்புக்குப் போகும், தேவையென்றால் திரும்பக் கூப்பிடுவோம் என்றார். அது நல்லதா கெட்டதா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. எனக்குப் பயம் போகவில்லை அக்கா. அம்மாவுக்கும் போகவில்லை, திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கையை விடவே இல்லை.

இனி அம்மா சொல்கிறார். மகள் கலா, தங்கச்சி எழுதியதையெல்லாம் கேட்டுவிட்டேன், ஒன்றையும் கிழிக்காதே. நடந்தது பிழை, அதைத் திருத்திவிட்டாள், அவளை ஏசி எழுதாதே. கல்முனையை எழுது. ஆனால் தொண்டு வேலை செய்தேன் என்று கடைசியில் ஒரு வரி போட்டுவிடாதே, அப்படி எழுதினால் பத்மாசனி அம்மா சொன்னது மாதிரி பருப்புக் காய்ச்சியவள் என்றுதான் நினைப்பார்கள். பருப்பை விட்டுவிடு, அது எல்லாரும் செய்தது. அழுதுகொண்டு வந்தவர்களோடு உட்கார்ந்து, இரண்டு பாஷையிலும் அவர்கள் சொன்னதைக் கேட்டுப் பெயர் பெயராக எழுதினாய் என்று எழுது, எத்தனை பெயர் என்று உன் கொப்பியில் எண்ணிப் பார்த்து எழுது. ஒரு பெயர் பிழையானபோது நடந்து போய்த் திருத்தியதையும் எழுது, வெட்கப்படாதே, வக்கீல் வேலைக்கு அதைவிட வேறென்ன வேண்டும். பிள்ளைக் காம்பரா வகுப்பையும் எழுது. அதில் படித்த ஒருத்தி இன்றைக்குப் பொலிஸ் நிலையத்தில் சார்ஜனுடைய கணக்கையே திருத்திவிட்டு வந்தாள். வேலை தராவிட்டால் போகட்டும், உன் பக்கத்தில் இருப்பதும் பொலிஸ் கோவையில் இருப்பதும் ஒன்றாக இருக்கிறது, நீ எந்தக் கதவைத் தட்டினாலும் அது போதும்.

யாராவது கேட்டால், ஜூலை பதினான்காம் திகதி வீட்டார் போய்த் திருத்திச் சொன்னார்கள் என்று திகதியோடு சொல், மறந்துவிடாதே. அறை மாறினால் அன்றைக்கே பொலிசில் பதிந்துவிடு. நேர்முகத்துக்குப் போகிற அன்று கோடுபோட்ட அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொள், வெறும் வயிற்றோடு போகாதே. முருகன் உனக்கு முன்னால் நடந்து போகட்டும், நீ கால் வைக்கிற இடமெல்லாம் நல்ல மனுஷர்களாக இருக்கட்டும், போன வேலை முடிந்து முகம் மலர்ந்து வீட்டுக்கு வந்து சேர்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா
இருளாயி

அக்கா, எப்போதும் அம்மாவின் பெயரை மட்டும்தான் எழுதுவேன். இன்று அம்மா, “ஒங் கையெழுத்தையும் கீழ போடு, அதுல பாதி நீ சொன்னதுதான” என்கிறார். பொலிசில் போட்ட இரண்டோடு இது இன்றைக்கு மூன்றாவது. இதை மட்டும்தான் பயப்படாமல் போடுகிறேன்.

ரா. தர்மிளா